சிப்பி சுரண்டிய பலகை

ஆர்விலிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏரியடியில் மூழ்கிய கப்பல் கிடக்கும் இடத்தின் அட்ச, தீர்க்க ரேகை எண்களைத் தன் படகுக் கருவியில் அவர் சேமித்து வைக்கமாட்டார். ஒரு துண்டு நீல டேப்பில் பேனாவால் எழுதி, சுக்கானுக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஓட்டுவார். கரை திரும்பியதும் டேப்பை உரித்து, இடத்தைக் கண்டுபிடித்தவர் கையில் கொடுத்துவிடுவார். வட அமெரிக்காவின் ஹூரான் ஏரியில் முக்குளிக்கிறவர்களுக்கு அந்த எண்களைவிடப் பெரிய ரகசியம் கிடையாது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஆட்கள் இருக்கிறார்கள்.

போன அக்டோபரில் ஆர்வில் உரித்துக் கொடுத்த டேப்பை, தெக்லா பிலார்ஸ்கி ஏழு மாதமாகத் தன் நூலக அடையாள அட்டையின் பின்னால் ஒட்டி வைத்திருந்தாள். மே மாத முதல் சனிக்கிழமை காலை, படகில் ஏறியதும் முதல் வேலையாக அதை எடுத்து சுக்கானுக்கு மேலே ஒட்டினாள். பசை போய்விட்டிருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன புரொபசரம்மா, குளிர்காலம் பூரா அடைகாத்தாச்சா?" என்றார் ஆர்வில்.

"குஞ்சு பொரிஞ்சுதான்னு கீழ போய் பாத்துட்டு வந்து சொல்றேன் கேப்டன்."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு ஷெல்பிதான் முதலில் சிரிப்பாள். அன்று அவள் படகின் பின்பக்கம் குனிந்து தன் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தேடட்டும் என்று தெக்லா விட்டுவிட்டாள். ஆறு வருஷ ஜோடி. தண்ணீருக்கடியில் ஜோடி என்றால், உன் சிலிண்டர் தீர்ந்துபோனால் தன் வாயில் இருப்பதை எடுத்து உன் வாயில் வைக்கிறவள் என்று பொருள். அப்படிப்பட்டவள் பையில் என்ன தேடினால் என்ன.

தெக்லாவுக்கு இருபத்தேழு வயது. அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான். சரித்திரம் படித்தாள். "இதுக்கு என்ன சம்பளம் தருவாங்க?" என்று அப்பா கேட்டார், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மாவட்ட நூலகத்தில் பழைய தாள்களைக் காக்கும் வேலை. அந்தத் தாள்களுக்குள்தான் 'லூசிண்டா ஹேல்' அவளுக்குக் கிடைத்தது. மூன்று பாய்மரம். 1883 நவம்பரில் பார்லி ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஏழு பேர். ஒருவரும் கரை சேரவில்லை. செய்தித்தாளில் ஆறு பேருக்குப் பெயர் இருந்தது. ஏழாவது ஆளுக்கு 'சமையற்காரி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்தான் தெக்லாவுக்கு எரிச்சலைக் கிளப்பியது. அந்த எரிச்சலில் மூன்று வருஷம் படித்தாள். கரைக்காவல் நிலையத்தின் நாட்குறிப்புகள், காப்பீட்டுக்காரர்களின் சண்டைக் கடிதங்கள், வலை எங்கே சிக்கிக் கிழிந்தது என்று மீனவர்கள் எழுதி வைத்த சீட்டுகள், எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஏரியில் இரண்டு மைலுக்கு இரண்டு மைல் ஒரு சதுரம் போட்டாள். அக்டோபரில் ஷெல்பியும் அவளும், ஒலியால் ஏரியடியைப் படம்பிடிக்கும் சோனார் கருவியை வாடகைக்கு எடுத்து ஆர்வில் படகில் இரண்டு நாள் உழுதார்கள். இரண்டாம் நாள் மாலை திரையில் ஒரு கறுப்பு மேடு தெரிந்தது. மறுநாளே காற்று மாறிவிட்டது. பிறகு பனி. இறங்கிப் பார்க்க மே வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருப்பதில் ஒன்றும் கெடாது என்று நினைத்தாள். எண்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். கண்டுபிடித்தவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது இந்த ஏரியில் எழுதாத சட்டம். ஒவ்வொரு வசந்தத்திலும் முக்குளிப்பவர்கள் கூடும் கூட்டத்தில் மேடையேறிப் படம் காட்டுகிறவர்கள் கர்ட் தோர்சன் மாதிரி ஆட்கள். பல் டாக்டர், பெரிய படகு, சொந்த சோனார், வெந்நீர் வரும் குளியலறை. பேசி முடிக்கும்போது, "தாள் எடுத்துக் கொடுத்த நூலகத்துப் பொண்ணுக்கும் நன்றி" என்பார். இரண்டு தடவை அந்தப் பெண்ணாக எழுந்து நின்று கைதட்டல் வாங்கியிருக்கிறாள் தெக்லா. மூன்றாம் தடவை மேடையில் நிற்கப்போகிறவள் அவள்தான். கப்பலின் பெயரை அவள்தான் சொல்லப்போகிறாள். சமையற்காரியின் பெயரையும். அதையும் அந்தச் சமையற்காரியின் அக்கா எழுதிய கடிதத்திலிருந்து தோண்டியெடுத்து வைத்திருந்தாள்.

பதினான்கு மைல் ஓடியதும் ஆர்வில் எடைக்கல் கட்டிய வடத்தை இறக்கினார். நீர்புகா உடை, இரட்டைச் சிலிண்டர், தடித்த கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு இருவரும் பின்பலகையில் உட்கார்ந்தார்கள்.

"நான் முதல்ல. நீ ஒரு கை தூரத்துல வா," என்றாள் தெக்லா.

"நீ போடி. உன் கப்பல்," என்றாள் ஷெல்பி.

உன் கப்பல் என்று அவள் சொன்னதைப் பிறகு பல தடவை தெக்லா நினைத்துப் பார்த்தாள்.

பனி உருகி வந்த தண்ணீர். கன்னத்தில் தெரிந்த துளியளவு தோலில் ஊசியாகக் குத்தியது. ஐம்பது அடியில் பச்சை, எண்பதில் கரும்பச்சை, நூறு அடியில் கீழே ஏதோ நீளமாகப் படுத்திருந்தது. நூற்று முப்பதில் அவள் அதன் மேல்தளத்துக்கு நேராக நின்றாள். ஒரு பாய்மரம் மட்டும் விழாமல் நின்றுகொண்டிருந்தது. நங்கூரம் இழுக்கும் உருளை, பக்கவாட்டுக் கைப்பிடிச் சுவர், சரக்கறையின் சதுர வாய், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எல்லாவற்றின் மேலும் சிப்பி. உள்ளங்கைத் தடிமனுக்கு, ஓர் அங்குலம் விடாமல் சிப்பி. வெளிநாட்டுக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து ஏரியையே பிடித்துக்கொண்ட சனியன்கள். தண்ணீரை வடிகட்டிக் கண்ணாடியாக்குவதும் அவைதான், கப்பலைத் தின்பதும் அவைதான்.

தெக்லா உடைக்குள்ளே அழுதாள். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

ஷெல்பி விளக்கை வட்டமாக ஆட்டினாள். பிறகு முன்பக்கமாகக் காட்டினாள், அங்கே போகலாம் என்று. தெக்லா தலையசைத்து மறுத்தாள். பெயர் இருப்பது பின்பக்கம். முதலில் அங்கேதான் போக வேண்டும். ஷெல்பி மறுபடியும் முன்பக்கம் காட்டினாள். விளக்கு கொஞ்சம் வேகமாக ஆடியது. தெக்லா திரும்பிப் பின்பக்கம் போனாள்.

கப்பலின் பின்பலகையில் ஒரு கதவளவு இடத்தில் சிப்பி இல்லை. சுரண்டியிருந்தது. வெளிறிய மரம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் கத்தி இழுத்த கோடுகள். சிப்பி தானாக உதிர்வதில்லை. கீழே மணலில் உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் தூசிகூடப் படியவில்லை.

சுக்கான் தண்டில் ஒரு புது வெள்ளைக் கயிற்றுத் துண்டு கட்டியிருந்தது. அவசரத்தில் அறுத்துவிட்டுப் போன துண்டு. நுனி பிரியாமல் இருக்க மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. மூன்று சுற்று, அதன்மேல் குறுக்கே ஒன்று.

கயிற்று நுனியை அப்படிக் கட்டுகிறவள் இந்த ஏரியில் ஒருத்திதான் உண்டு. அந்த மஞ்சள் டேப்பைப் போன கிறிஸ்துமஸுக்கு ஆறு உருளையாக வாங்கிக் கொடுத்தவள் தெக்லா.

அவள் தன் விளக்கைக் கயிற்றின்மேல் வைத்தாள். அப்புறம் மெதுவாகத் திருப்பி ஷெல்பியின் முகத்தின்மேல் வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்களும் வேறு பக்கம் போயின.

மேலே என்றால் கத்தியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம். அந்த ஆழத்தில் ஒன்றும் செய்ய முடியாது. நேரே மேலே போகவும் முடியாது. அரை மணி நேரம் அடியில் இருந்தவர்கள் இருபது அடியில் நின்று, உடம்பில் ஏறிய காற்று இறங்கும்வரை இருபது நிமிடம் வடத்தைப் பிடித்துத் தொங்கத்தான் வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் நுரைத்துவிடும். ஆகவே தெக்லா தொங்கினாள். எதிரே, ஒரு கை தூரத்தில், ஷெல்பி தொங்கினாள். ஒருத்தி விட்ட குமிழி மற்றவள் முகத்தில் உரசிப் போயிற்று.

தெக்லா இடுப்பிலிருந்த, தண்ணீருக்குள் எழுதும் சிலேட்டை எடுத்தாள். 'எப்போ?' என்று எழுதி நீட்டினாள்.

ஷெல்பி தலையை ஆட்டிவிட்டு எழுதினாள்: 'மேல போய் பேசலாம்.'

தெக்லா அதைக் கட்டைவிரலால் அழித்தாள். 'எப்போ?'

ஷெல்பி எழுதினாள்: 'ரெண்டு வாரம் முன்ன.'

'யாரோட?'

'கர்ட்.'

ஷெல்பி சிலேட்டைத் திரும்பப் பிடுங்கி, 'மன்னி' வரைக்கும் எழுதினாள். தெக்லா அதை முடிக்க விடவில்லை. சிலேட்டைப் பிடுங்கி, தேய்த்து அழித்து, இடுப்பில் மாட்டிக்கொண்டாள். இன்னும் பதினான்கு நிமிடம் பாக்கி இருந்தது. அந்தப் பதினான்கு நிமிடமும் அவள் வடத்தின் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகில் ஏறியதும் தலையுறையைக் கழற்றக்கூட இல்லை.

"சொல்லுடி," என்றாள்.

"தெக், நான் சொல்றத கேளு. கர்ட்டோட சோனார் தெரியுமில்ல உனக்கு? இந்த வருஷம் அவர் இந்தப் பக்கம்தான் தேடறதா இருந்தார். ஒரு வாரத்துல அவரே கண்டுபிடிச்சிருப்பார். நான் கூட இருந்தாவது..."

"எண்ணை நீ குடுத்தியா, அவர் கண்டுபிடிச்சாரா?"

ஷெல்பி கையுறையை உருவினாள். "நான் அவர் கிளினிக்ல வேலை செய்யறேன். தெனம் பாக்கறேன். ஒரு நாள் அவர் பல்ல கிளீன் பண்ணிட்டிருக்கறப்ப கேட்டார். வாய்ல வந்திருச்சு."

"யார் வாய்ல? கருவிய வச்சுக்கிட்டு நீ நோண்டிட்டிருந்தது அவர் வாய்லதானே?"

சுக்கான் பக்கத்தில் ஆர்வில் தொண்டையைக் கனைத்தார். தெக்லா அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா கேப்டன்?"

அவர் காப்பிக் குடுவையின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடியும் திருகி மூடினார். "துறைமுகத்துக்கே தெரியும்மா. தோர்சன் படகு ராத்திரி ஏரியிலயே தங்கிட்டு வந்துச்சு. பெட்ரோல் போடற எடத்துல ஷாம்பெயின் உடைச்சாங்க."

"காலைல அடைகாத்தாச்சான்னு கேட்டீங்களே."

"நான் படகு ஓட்டறவன். வாயை ஓட்டறவன் இல்ல."

ஆக, ஊரே எட்டிப் பார்த்துவிட்டுப் போன தொட்டிலுக்கு அவள் இன்று பட்டுத்துணி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பறித்த குழிக்குள் கைபிடித்து இறக்கிவிட்டு, பார் எவ்வளவு அழகு என்று விளக்கும் பிடிப்பார்கள் என்று இன்றுதான் தெரிந்தது.

"உன் பேரையும் போடணும்னு கர்ட்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன்," என்றாள் ஷெல்பி. "திங்கக்கெழம அறிவிக்கப் போறார். உன் பேரையும் சொல்வார்."

"பேரையுமா."

"தெக்..."

"மூணு வருஷம் நான் தும்மிக்கிட்டே படிச்சது. நீ வந்து ஒரு பேப்பராவது புரட்டினியாடி? இப்ப என் பேரை 'யும்' போட்டு ஒட்டறீங்க."

"பேப்பர் பேப்பர்னு இன்னும் மூணு வருஷம் ஒக்காந்திருப்ப நீ. சரியா இருக்கணும், சரியா இருக்கணும்னு. யாராவது எறங்கணுமில்ல?"

அதில் கொஞ்சம் நிஜம் இருந்தது. அதனாலேயே தெக்லாவுக்கு இன்னும் கோபம் வந்தது. அக்டோபரில் காற்று மாறுவதற்கு முன் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிடலாம் என்று ஷெல்பி கேட்டாள். அவசரம் வேண்டாம் என்று சொன்னவள் தெக்லாதான்.

"அவர் சொரண்டின பலகைல என்ன இருந்துது?" என்று கேட்டாள்.

ஷெல்பி உருவிய கையுறையை மடித்தாள். "ஒண்ணும் இல்ல. பெயிண்ட் மொத்தமா போயிருக்கு. அதான்... இது எந்தக் கப்பல்னு உறுதியாச் சொல்ல எதுவும் கெடைக்கல. நீ வந்து பாத்தா உனக்குத் தெரியும்னு கர்ட்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் சொல்லி முடித்த மாதிரிதான்.

தெக்லா நீர்புகா உடையோடு அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்தாள். இந்த வாரக் கடைசிக்கு நாள் குறித்தது யார் என்று யோசித்தாள். ஷெல்பி. வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது, குடிசை வாடகைக்கு எடுத்தது, சிலிண்டர் நிரப்பச் சொல்லி வைத்தது எல்லாம் ஷெல்பி. பாவம், எவ்வளவு ஆசையாகச் செய்கிறாள் என்று நினைத்திருந்தாளே.

"அப்ப என்னைக் கூட்டிட்டு வந்ததே பேர் சொல்லத்தான்," என்றாள்.

ஆர்வில் எஞ்சினைக் கிளப்பினார்.

வீட்டுக்குப் போக மூன்று மணி நேரப் பயணம். வந்தது ஷெல்பியின் வண்டியில். பஸ் கிடையாது. அன்று மாலை குடிசையில் தெக்லா பொரித்த மீனைத் தன் தட்டோடு வாசல்படிக்கு எடுத்துப் போய்த் தனியாகத் தின்றாள். உள்ளே ஷெல்பி இரண்டு தடவை பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். கூப்பிட மனமில்லாதவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தெக்லா எழுந்து போகவில்லை.

ஆனால் போகாமலிருக்க அவளிடம் இன்னொரு காரணமும் இருந்தது. அது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் அரசாங்கம் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணைச் சரக்கறை வாயின் பெரிய உத்திரத்தில் உளியால் வெட்டியிருக்க வேண்டும். பெயிண்ட் போகும், வெட்டிய எண் போகாது. 'லூசிண்டா ஹேல்' கப்பலின் எண் 140386. தெக்லாவுக்கு அது வீட்டு டெலிபோன் எண்ணைவிட மனப்பாடம். தோர்சன் பெயர்ப்பலகையைத் தேடிச் சுரண்டியிருக்கிறார். உத்திரத்தை யாரும் தொடவில்லை. இதுவரைக்கும் அதை ஷெல்பியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம், கீழே அவள் கையைப் பிடித்து அந்த எண்ணின்மேல் வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசை. நல்லவேளை என்று இப்போது நினைத்தாள். ஜோடியிடம் சொல்லாமல் விட்டதை நல்லவேளை என்று நினைக்க வைத்துவிட்டாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஞாயிறு காலை படகின் கைப்பிடிக் கம்பியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நான் தனியா எறங்கறேன் கேப்டன்."

"தனியா எறங்கணும்னா வேற படகு பாரும்மா. ஜோடி இல்லாம என் படகுல ஒருத்தரும் தண்ணில கால் வைக்க முடியாது. அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

ஷெல்பி ஏற்கெனவே உடையை மாட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. "நான் வரேன். ஒண்ணும் பேசமாட்டேன். நீ எங்க போறியோ பின்னாடியே வரேன்."

"கீழ பேச முடியாதே. வேற என்ன பண்ணுவ?"

படகு பதினான்கு மைல் ஓடியது. இறங்கும் இடம் வந்தது. ஷெல்பி பின்பலகையில் உட்கார்ந்து, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரைக் கடித்து இரண்டு மூச்சு இழுத்து ஊதினாள். எடுத்தாள். கழுத்தில் தொங்கிய மாற்று ரெகுலேட்டரையும் கடித்து இரண்டு மூச்சு ஊதினாள். வாயிலிருந்து ஆவி பறந்தது.

தெக்லா பார்த்தாள்.

இந்தக் குளிரில் யாரும் செய்யக்கூடாத வேலை அது. மூச்சின் ஈரம் உள்ளே போய் உறைந்துகொள்ளும்; ஆழத்தில் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டு சிலிண்டர் முழுவதையும் வெளியே கொட்டிவிடும். தண்ணீருக்குள் முகம் போன பிறகுதான் முதல் மூச்சு. ஷெல்பிக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே தெக்லாதான். தோர்சன் படகில் கணப்பு போட்ட அறைக்குள் உட்கார்ந்து சோதித்துப் பழகிவிட்டிருப்பாள் போலிருக்கிறது. அங்கே அது சரிதான். இங்கே கம்பியில் பனி பூத்திருக்கிறது.

சொல்ல வாயெடுத்தாள். ஒரு வார்த்தைதான். 'அதை மாத்து.' அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். எல்லாத் தடவையும் உறைவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தாள்.

நேரே சரக்கறை வாய்க்குப் போனாள். உத்திரம் அகலமாக, குறுக்கே கிடந்தது. இடுப்புக் கத்தியின் முதுகால் சிப்பியை நெம்பினாள். கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து இருட்டுக்குள் விழுந்தது. கையுறையின் விரல் கிழிந்து தண்ணீர் உள்ளே வந்தது. கவலைப்படவில்லை. தேய்த்தாள். மரத்தில் ஒரு நேர்க்கோடு. ஒன்று. பக்கத்தில் தேய்த்தாள். நான்கு. சிப்பி ஓடு விரலைக் கீறியது. அடுத்தது ஒரு முழு வட்டம், சுழியம். 140. அந்தக் காலத்தில் அப்படித் தொடங்கும் எண்களை 'எல்' எழுத்தில் பெயர் தொடங்கும் கப்பல்களுக்குத்தான் கொடுத்தார்கள். இன்னும் மூன்று எண். இன்னும் ஒரு கை அகலம்.

அப்போது அவள் கையின் மேலும், உத்திரத்தின் மேலும், எண்ணின் மேலும் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. பக்கவாட்டில், வேகமாக. அந்த ஆட்டத்துக்கு ஒரே பொருள்தான்: ஆபத்து.

திரும்பினாள். ஷெல்பி ஒரு வெள்ளைப் புயலுக்குள் நின்றுகொண்டிருந்தாள். வாயிலிருந்த ரெகுலேட்டர் சீறிக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை உமிழ்ந்துவிட்டு மாற்றைக் கடித்தாள், அதுவும் பிய்த்துக்கொண்டது. ஒரு கை பின்கழுத்தில் வால்வைத் தேடியது. தடித்த கையுறையில் அது அகப்படவில்லை.

தெக்லா யோசித்தாள் என்று சொன்னால் பொய். யோசிக்க நேரமில்லை. உத்திரத்தை விட்டாள். தன் வாயிலிருந்ததை எடுத்து, நீளக் குழாயோடு ஷெல்பியின் வாயில் வைத்து அழுத்தினாள். தன் கழுத்திலிருந்த மாற்றைத் தான் கடித்தாள். ஷெல்பியின் முதுகுப் பக்கம் போய் இரண்டு வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி மூடினாள். சத்தம் நின்றது. ஆறு வருஷம் பழகிய வேலை. கை தானாகச் செய்தது. அந்தக் கைக்கு நேற்று நடந்தது எதுவும் தெரியாது.

வடத்தைப் பிடித்து ஏறினார்கள். அன்று அடியில் இருந்தது கொஞ்ச நேரம்தான் என்பதால் இருபது அடியில் ஐந்து நிமிடம் நின்றார்கள். ஒரே சிலிண்டர், நடுவே ஒரு குழாய். ஷெல்பி தெக்லாவின் தோள்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெக்லா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்வில் இருவரையும் இழுத்துப் போட்டார். கம்பளி போர்த்தினார். காப்பி ஊற்றினார். ஷெல்பி வெகுநேரம் தெக்லாவின் கையை விடவில்லை.

"நீ இல்லன்னா நான் இன்னிக்கு அங்கயே..."

"காப்பியக் குடி."

"நெஜமா தெக். நான் உனக்குப் பண்ணினதுக்கு, வேற ஒருத்தியா இருந்தா..."

"வேற யாருக்கா இருந்தாலும் குடுத்திருப்பேன். அத வச்சு எதையும் நெனச்சுக்காத."

சொல்ல வேண்டியது இன்னொன்று நாக்கு நுனியில் இருந்தது. காலையில் பார்த்ததும், பார்த்துவிட்டு வாயை மூடியதும். படகு திரும்பிக் கரையைப் பார்த்து ஓடியது. தெக்லா அந்த வாக்கியத்தைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை வாய் திறக்கப் போகும்போது ஷெல்பி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அந்த உத்திரத்துல எதத் தேய்ச்சிட்டிருந்த?"

குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண் நடுங்கவில்லை.

தெக்லா அவளைப் பார்த்தாள். பத்து விரலிலும் சூடு திரும்பிக்கொண்டிருந்தது. சிப்பி கிழித்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியது.

"சிப்பி," என்றாள்.

"சிப்பிக்கு அடில?"

"சிப்பிக்கு அடில மரம். நீங்க சொரண்டினதுக்கு அடில இருந்த அதே மரம்." பிறகு நிறுத்தாமல் சொன்னாள்: "காலைல நீ ரெண்டையும் வாய்ல வச்சு ஊதினத நான் பாத்தேன். உறையும்னு தெரியும். சொல்லல."

ஷெல்பியின் கையிலிருந்த கிண்ணம் பாதி வழியில் நின்றது. எஞ்சின் சத்தத்தில் ஆர்விலுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் திரும்பவில்லை.

"நீயா?" என்றாள் ஷெல்பி. "என்னைப் பாத்துக்கிட்டே இருந்தியா?"

"ஆமா."

இதனால் எல்லாம் சரிக்குச் சரி ஆகிவிட்டது என்று தெக்லாவுக்குத் தோன்றவில்லை. ஷெல்பி தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதோடு, இப்படி ஒரு காலைப்பொழுதையும் தன் தலையில் கட்டிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அதை இனி யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? கரை தெரியும்வரை இருவரும் படகின் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

துறையில் ஷெல்பி தன் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள். ஆர்வில் எஞ்சினை அணைத்தார். பழக்க தோஷத்தில் சுக்கானுக்கு மேலே கையை நீட்டி, நீல டேப்பை உரித்தார். உரித்த பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்ற யோசனை அவருக்கு வந்தது. தெக்லாவிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்க கேப்டன். ஊருக்கே தெரிஞ்ச எண்ணுதானே."

அவர் டேப்பைச் சுருட்டினார், போட இடம் தெரியாமல் சட்டைப் பையில் போட்டார்.

"வர்ற சனிக்கிழம படகு சும்மா இருக்குமா?" என்று கேட்டாள் தெக்லா.

"தோர்சன் ஆளுங்க அவங்க படகுலதான் போவாங்க. என் படகு சும்மாதான் இருக்கும். எதுக்கு?"

"ஒரு கை அகலம் தேய்க்க வேண்டியிருக்கு."

அவர் புரிந்த மாதிரியும் புரியாத மாதிரியும் தலையாட்டினார். "ஜோடி யாரு?"

வண்டிப் பக்கம் ஷெல்பி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஏறுகிறாயா இல்லையா என்று கேட்கவில்லை. கேட்காமல் நின்றாள்.

"தெரியல," என்றாள் தெக்லா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, துறைமுகத்துத் தொலைபேசி இருக்கும் பக்கமாக நடந்தாள். அப்பாவின் லாரி வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும்.